பட்டா நிலத்தில் இறங்கும் பறவைகள்

மாட்டுங்காவில் என் தலைமுறைப் பெண்கள் பலருக்கும் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அடுத்த படிப்பு சுருக்கெழுத்துதான். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள தெருக்களில் சாயங்காலம் நடந்தால் ஒரு மாடியில் வீணை கேட்கும், அடுத்த மாடியில் தட்டச்சு இயந்திரம் கேட்கும். தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் பம்பாயின் அலுவலகங்களுக்குக் கொடுத்தது இந்தக் கைத்திறனைத்தான். நான் கோட்டைப் பகுதியில் நிலப் பத்திரங்களைக் கவனிக்கும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் ஸ்டெனோவாகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றேன்.

நிலம் வாங்குகிறவர் பணம் கொடுப்பதற்கு முன்னால், அந்த நிலம் முப்பது வருஷமாக யார் யார் கையில் இருந்தது, அதன்மேல் யாருக்கு என்ன பாத்தியதை என்று வக்கீல் தேடிப் பார்த்து எழுதித் தர வேண்டும். அதற்கு டைட்டில் ரிப்போர்ட் என்று பெயர். மும்பை நகருக்குள் இருக்கும் நிலமானால் ப்ராபர்ட்டி கார்டைப் பார்ப்போம். தானே, ராய்காட் பக்கமானால் சாத்பாரா. கிராமப் படிவம் 7, கிராமப் படிவம் 12 இரண்டும் சேர்ந்த தாள் அது. நம் ஊர்ச் சிட்டா அடங்கலுக்குச் சமம். நிலத்தை வைத்திருப்பவர் பெயர் ஒரு பக்கம், என்ன பயிர் என்பது கீழே, இரண்டுக்கும் நடுவே ‘இதர் ஹக்’ என்று ஒரு பத்தி. எங்கள் சீனியர் முதலில் அந்தப் பத்தியைத்தான் பார்ப்பார். குத்தகைதாரர் பெயர், கூட்டுறவு வங்கிக் கடன், கிணற்றில் பங்கு, வண்டிப் பாதை எல்லாம் அதில்தான் ஏறும். காடு என்ற சொல்லும் அதில்தான் ஏறும். ஏறிவிட்டால் விற்பனை நின்றுபோகும்.

ஒரு நிலத்தில் கொக்கு கூடு கட்டுவதற்கோ, சதுப்பில் நண்டு வளை தோண்டுவதற்கோ அரசாங்கக் காகிதத்தில் வேறு இடமே கிடையாது. நான் தட்டச்சு செய்த அத்தனை காகிதங்களிலும் காட்டுயிர் என்பது உடைமைக்காரரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளும் வாக்கியமாகவே வந்தது. அவருக்கு ஒன்றைக் கொடுத்து, அதற்குப் பதிலாகப் பறவையைக் காத்துத் தரும்படி கேட்கும் வாக்கியத்தை நான் தேடிக்கொண்டே இருந்தேன். இந்தியாவில் அப்படி எழுதப்பட்டவற்றில் எனக்குத் தெரிந்த மிகப் பழையது என் அம்மா பிறந்த மதுராந்தகம் தாலுகாவைச் சேர்ந்தது.

வேடந்தாங்கல் ஏரி பெரியது இல்லை, சுமார் 30 ஹெக்டேர். மழை பெய்து ஏரி நிரம்பியதும் தண்ணீருக்குள்ளேயே நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் வக்காவும் அரிவாள் மூக்கனும் கூழைக்கடாவும் வந்து அடையும். கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை குஞ்சு பொரித்து வளர்த்துப் பறக்கவிட்டுப் போகும். இத்தனை ஆயிரம் பறவைகளின் எச்சமும் விழுவது ஏரித் தண்ணீரில். அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. “வேடந்தாங்கல் தண்ணி பாயற நெலத்துக்கு எரு வண்டி ஓட்ட வேண்டாம்டீ” என்று அம்மா சொல்வாள். எச்சத்திலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் நீரில் கரைந்து பயிருக்கு உரமாகின்றன என்று விஞ்ஞானிகள் பின்னால் சொன்னதை, வயல் வைத்திருந்தவர்கள் விளைச்சலைப் பார்த்தே தெரிந்து வைத்திருந்தார்கள்.

1790-களில் கிழக்கிந்தியக் கும்பினியின் சிப்பாய்கள் அந்த ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டர் லியோனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். அவர் 1798-இல் ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார்: ஏரியில் யாரும் பறவைகளைச் சுடக்கூடாது, அவற்றைக் காக்கும் பாத்தியதை ஊராருக்கு உண்டு. மூலக் காகிதம் எப்போதோ தொலைந்துபோனது. ஊர் அதை விட்டுவிடவில்லை. 1858-இல் அதே உரிமையை அரசிடமிருந்து மறுபடியும் எழுதி வாங்கிக்கொண்டது.

பிளேஸ் என்ற பெயரைச் செங்கல்பட்டுக்காரர்கள் வேறொரு விதத்தில் அறிவார்கள். மதுராந்தகம் ஏரி உடைந்துவிடும் என்று பயந்த மழை இரவில், கரைமேல் இரண்டு பேர் வில்லோடு காவல் நின்றதைக் கண்ட துரை அவர்தான். ஏரி காத்த ராமர் கோவிலில் தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தவர் என்று அவர் பெயர் கல்லில் இருக்கிறது. ராமரைக் கண்டது பக்தர்களின் கதை. ஆனால் அந்த மனிதர் ஜாகீரின் ஏரிகளைப் பற்றி ஓயாமல் கவலைப்பட்டார் என்பது வருவாய்த் துறை வரலாறு. ஏரி நின்றால்தான் நெல்லு, நெல்லு விளைந்தால்தான் கும்பினிக்கு வரி. பறவையையும் அவர் அந்தக் கணக்கின் ஒரு பகுதியாகவே பார்த்திருப்பார் என்பது என் ஊகம். அவர் காரணம் எதுவாக இருந்தாலும் அந்தக் கவுலில் ஒரு நேர்மை இருக்கிறது. ஊராரின் நன்மை எது என்று அதற்குத் தெரிந்திருந்தது. அந்த நன்மையைக் காப்பதன் வழியாகப் பறவையைக் காத்தது.

பிறகு வந்தவை வேறு மாதிரியானவை. 1936-இல் மாவட்ட நிர்வாகம் அதைச் சரணாலயமாக ஏற்றது. 1962-இல் மதராஸ் வனச் சட்டத்தின் கீழ் வந்தது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அதன் கீழும் வந்தது. 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரம் வரைக்கும் சரணாலய எல்லை விரிந்தது. அந்த வட்டத்துக்குள் பல ஊர்களும் பட்டா நிலங்களும் அடக்கம். எல்லையை விரித்தது சரியே. ஏரியில் தூங்கும் நாரை இரை தேடுவது சுற்று வட்டார வயல்களில்தானே. ஆனால் வட்டத்துக்குள் வந்த பட்டாக்காரருக்கு இந்த முறை யாரும் கவுல் எழுதித் தரவில்லை. 2020-இல் அந்த வட்டத்தை மண்டலங்களாகப் பிரிக்கும் யோசனை வந்தபோது எழுந்த எதிர்ப்பைப் பார்த்தால், ஊர் இன்னும் பறவை பக்கம்தான் நிற்கிறது என்று தெரிகிறது. அந்த ஆதரவு 1998-இல் வரைந்த வட்டத்தால் வந்தது இல்லை, அதற்கு வெகு காலம் முந்தையது.

பம்பாய்க்கு வருகிறேன். இங்கே கதை நேர் எதிராகத் தொடங்குகிறது.

இப்போது நாம் மும்பையின் புறநகர் என்று சொல்லும் சாஷ்டி தீவின் கிராமங்களை, 1830 வாக்கில் கும்பினி பம்பாயின் பெரிய குடும்பங்களுக்கு எழுதிக் கொடுத்தது. பொவாய் பிராம்ஜி கவாஸ்ஜி பனாஜிக்குப் போனது. மலாட் பக்கத்துக் கிராமங்கள் பைராம்ஜி ஜீஜீபாய்க்கு. பனாஜி கரும்பும் பருத்தியும் மாம்பழமும் போட்டார். பொவாய் மாம்பழம் விக்டோரியா ராணிக்குக் கப்பலேறியது. அரசு அந்தக் குடும்பங்களிடம் எதிர்பார்த்தது நிலத்தைத் திருத்திப் பயிரேற்றுவது. காடும் சதுப்பும் ‘வீண் நிலம்’ என்ற கணக்கில் சேர்ந்தன.

கடலோரத்தில் அரசு இன்னும் ஒரு படி மேலே போனது. அலிபாக், பேண் பக்கம் உப்பங்கழி ஓரங்களில் மண் கரை போட்டுக் கடல் நீரைத் தடுத்து, மழை நீரில் உப்பைக் கழுவி இறக்கி நெல் போடுவது பழைய வழக்கம். காண்டல் என்ற அலையாத்திக் காடு இருந்த இடத்தில் கரை எழும்; சில மழைக்காலங்களில் அது வயலாகும். கரையைக் காப்பது ஊரின் கூட்டு வேலை. வீட்டுக்கு ஒரு ஆள் மண் சுமக்க வேண்டும். இப்படி மீட்ட உப்பு நிலத்துக்குக் கார் நிலம் என்று பெயர். 1948-இல் பம்பாய் கார் நிலச் சட்டம் வந்தது, 1979-இல் மஹாராஷ்டிராவின் புதிய கார் நிலச் சட்டம். அரசு தன் பணத்தில் கரை கட்டிக் கொடுத்தது. தனியார் நிலத்துக்கு அரசு பணம் போட்டது. போட்டது காண்டல் காட்டை அகற்றி நெல் விளைவிக்க. பசி இருந்த காலம் அது, 1948-இல் ரேஷன் அரிசிக்கு நின்றவர்கள் வீட்டில் வளர்ந்தவள் நான். அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கரை அரசினுடையது ஆனதும் வீட்டுக்கு ஒரு ஆள் மண் சுமப்பது நின்றது. அரசாலும் கரையெங்கும் கண்காணிக்க முடியவில்லை. ஒரு பெரிய அலையில் கரை உடைந்தால் பல வருஷம் அப்படியே கிடக்கும். உப்புத் தண்ணீர் வயலுக்குள் வரும், தண்ணீரோடு காண்டல் விதைகள் மிதந்து வரும், சேற்றில் குத்தி நிற்கும். பத்து வருஷத்தில் நெல் வயல் காடாகிவிடும். சாத்பாராவில் மட்டும் அது இன்னும் நெல் வயல்தான், ஒரு விவசாயியின் பெயரில்.

இந்த விவசாயி பிறகு ஒரு சிக்கலில் மாட்டுகிறார். அதைச் சொல்வதற்கு முன் 1975-ஐச் சொல்லியாக வேண்டும்.

அந்த வருஷம் ஆகஸ்ட் 30-ஆம் தேதி மஹாராஷ்டிர தனியார் காடுகள் கையகப்படுத்தும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றைய தேதியில் தனியாரிடம் இருந்த காடெல்லாம் ஒரே நாளில் அரசின் சொத்து. சிறு உடைமைக்காரர்களுக்குச் சில விலக்குகள் பின்னால் வந்தன. நம் பக்கம் 1949-இலேயே மதராஸ் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. ஜமீன் ஒழிப்பு வருகிறது என்று தெரிந்ததும் ஜமீன்தார்கள் மரத்தை வெட்டி விற்கத் தொடங்கியதால் பிறந்த சட்டம் அது. அதன்படி உடைமை உடைமைக்காரரிடமே இருக்கும், மரம் வெட்டவும் நிலம் விற்கவும் அனுமதி வேண்டும். மஹாராஷ்டிரா அனுமதியோடு நிற்காமல் நிலத்தையே எடுத்துக்கொண்டது.

எது தனியார் காடு? எங்கள் அலுவலகத்தின் பாதி நாட்களை இந்த ஒரு கேள்வி தின்றிருக்கிறது. 1927-இன் இந்திய வனச் சட்டம், பிரிவு 35, உட்பிரிவு 3: ‘உங்கள் காட்டில் மரம் வெட்டுவதைத் தடை செய்ய உத்தேசித்திருக்கிறோம், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள்’ என்று உடைமைக்காரருக்கு அனுப்பும் முன்னறிவிப்பு. 1950-களில் அப்படிப்பட்ட நோட்டீஸ்கள் பம்பாய்ப் புறநகரில் நிறையப் போயின. பலவற்றின்மேல் அதற்குப் பிறகு எந்த நடவடிக்கையும் இல்லை, விசாரணையும் இல்லை, முடிவும் இல்லை. 1975 சட்டத்தின் விளக்கப் பிரிவு, நோட்டீஸ் அனுப்பப்பட்ட நிலமும் தனியார் காடே என்றது. அதையும் உடனே யாரும் சாத்பாராவில் ஏற்றவில்லை. முலுண்டிலும் பாண்டூப்பிலும் காந்திவலியிலும் தானேயிலும் மாடி மாடியாகக் கட்டடங்கள் எழுந்தன, மாநகராட்சி அனுமதியோடு. மக்கள் கடன் வாங்கி வீடு வாங்கினார்கள். முப்பது வருஷம் கழித்து, 2005-ஐ ஒட்டி, அந்த நிலங்களின் பதிவில் ‘காடு’ என்று ஏறத் தொடங்கியது. வீட்டை விற்க முடியாது, பழைய கட்டடத்தைப் புதுப்பிக்க முடியாது.

அப்போது கோட்டையிலிருந்த ஒவ்வொரு வக்கீல் அலுவலகத்திலும் ஒரு பெண் இந்தப் பிரிவு எண்ணைத் தட்டச்சு செய்துகொண்டிருந்திருப்பாள். மாட்டுங்காவிலிருந்து முலுண்டுக்குக் குடிபோன எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் வாழ்நாள் சேமிப்பு அந்த ஒரு வரியில் மாட்டிக்கொண்டது. 2008 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. 2014 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. விக்ரோலி நிலம் பற்றி கோத்ரெஜ் தொடுத்த வழக்கு அது. அனுப்பிவிட்டு மறந்துபோன நோட்டீஸை வைத்துக்கொண்டு பல பத்தாண்டு கழித்து நிலத்தைக் காடு என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம்.

சுற்றுச்சூழல் நண்பர்கள் சிலருக்கு அந்தத் தீர்ப்பில் வருத்தம். எனக்கும் காடு வேண்டும். ஆனால் உடைமைக்காரரை விசாரிக்காமல், ஒன்றும் கொடுக்காமல், காகிதத்தில் மட்டும் எழுதி வைத்த பாதுகாப்பு ஒரு மரத்தையும் காக்கவில்லை என்பதை அந்த முப்பது வருஷம் காட்டியது. காட்டை வெட்டிக் கட்டியவர் கட்டிக்கொண்டு போனார், விலை கொடுத்தவர் வழக்கை ஏந்தினார்.

அதே விக்ரோலியில்தான் மும்பையின் மிகப் பெரிய தனியார் காண்டல் காடு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். பிரோஜ்ஷா கோத்ரெஜ் 1940-களில் ஏலத்தில் வாங்கிய நிலத்தின் கிழக்குப் பக்கம் தானே கழியை நோக்கி இறங்குகிறது. அங்கே நின்ற காண்டலை நிறுவனம் அழிக்காமல் விட்டது. பிறகு காக்கத் தொடங்கியது. சோராப் கோத்ரெஜ் இந்திய இயற்கைப் பாதுகாப்பு இயக்கங்களில் முன் நின்றவர். அவர் காலத்தில், 1985-இல், அங்கே கடல்சார் சூழலியல் மையம் தொடங்கியது. ஏறத்தாழ 1,750 ஏக்கர் காண்டல் இப்படிக் காக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். கிழக்கு விரைவுச் சாலையில் போகும்போது பச்சையாகத் தெரிவது அதுதான். அரசின் திட்டம் எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. பெரிய தொழிற்சாலை வைத்திருந்த குடும்பத்துக்கு அந்தச் சதுப்பிலிருந்து பணம் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் பேண் தாலுகா விவசாயியிடம் இதே மனத்தை எதிர்பார்க்க முடியாது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மும்பையில் சூழல் பற்றிப் பேசும் கூட்டங்களில் விக்ரோலியைக் காட்டிவிட்டு ‘எல்லோரும் இப்படி இருக்கலாமே’ என்று முடித்துவிடுகிறார்கள்.

விவசாயியின் சிக்கல் 2005-இல் வந்தது. தேபி கோயங்கா முன்னின்று நடத்திய பாம்பே என்விரான்மென்டல் ஆக்ஷன் குரூப் போட்ட வழக்கில் அந்த ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது: மஹாராஷ்டிரா முழுக்கக் காண்டலை வெட்டக்கூடாது, காண்டலைச் சுற்றி 50 மீட்டருக்குள் கட்டக்கூடாது, குப்பை மண் கொட்டக்கூடாது, நிலம் யாருடையது என்ற பேச்சே இல்லை. இரண்டரை மாதம் முன்புதான், ஜூலை 26-ஆம் தேதி, ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரம் மூழ்கியிருந்தது. மாட்டுங்காவில் தரைத்தள வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். மிட்டி ஆற்றின் வாயில் காண்டல் இருந்திருந்தால் என்று அதற்கு முன் யோசிக்காதவர்கள்கூட யோசித்த நேரம். 2018 செப்டம்பர் 17-இல் நீதிபதிகள் அபய் ஓக்காவும் ரியாஸ் சாக்லாவும் இறுதித் தீர்ப்பில் அதை உறுதி செய்தார்கள். காண்டலை அழிப்பது உயிர் வாழும் உரிமையைப் பாதிப்பது என்றார்கள். அரசு நிலத்திலிருந்த காண்டல் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டு, 2012-இல் தொடங்கிய காண்டல் பிரிவின் பொறுப்புக்கு வந்தது. இந்திய வனக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் காண்டல் பரப்பு 2017-இல் 304 சதுர கிலோமீட்டர், 2019-இல் 320, 2021-இல் 324. அந்த உத்தரவு இல்லாவிட்டால் இன்று மும்பையில் காண்டல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்காது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனாலும் கரை உடைந்து வயலில் காண்டல் முளைத்தவர் கதையைக் கேளுங்கள். ஒரு பிரமாணப் பத்திரம் தட்டச்சு செய்ய வந்த அலிபாக் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் காகா என்றுதான் கூப்பிட்டேன். “தாயீ, கரை அரசாங்கத்தோடது. உடைஞ்சதும் அவங்களோடது. உள்ள வந்த தண்ணி கடலோடது. மரம் கோர்ட்டோடதாம். என்னோடது என்னன்னு நீ அதுல எழுதிக் காட்டு” என்றார். அவர் மரத்தின்மேல் கோபப்படவில்லை. அந்த மரத்தடியில் நண்டு கிடைக்கிறது, மீன் குஞ்சு வளர்கிறது, அவருடைய கோலி மீனவ அண்டை வீட்டாருக்கு நல்ல காலம் என்றும் அவரே சொன்னார். அவருக்கு மட்டும் நெல்லும் இல்லை, அந்த நிலத்தை விற்கவும் வழி இல்லை, நஷ்ட ஈடும் இல்லை.

இப்படிப்பட்டவரிடம் ஒரு அரசு என்ன சொல்ல முடியும்? பதில்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1985-இல் கொண்டுவந்த விவசாயச் சட்டத்தில், அரிப்புக்கு ஆளாகும் வயலைப் பயிரிடாமல் புல்லுக்கும் மரத்துக்கும் விட்டுவைக்கும் விவசாயிக்கு அரசே வருஷ வாடகை கொடுக்கிறது. பத்து முதல் பதினைந்து வருஷ ஒப்பந்தம். அங்கே வந்து அடையும் வாத்துகளும் புல்வெளிப் பறவைகளும் அந்த வாடகையில் வாழ்கின்றன. நம் நாட்டில் அதற்குக் கொஞ்சம் நெருங்கியது மாண்டியா மாவட்டத்தின் கொக்கரெ பெள்ளூர். அங்கே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டுவது ஊருக்குள், வீட்டுக் கொல்லைப் புளிய மரங்களில். கூடு இருக்கும் மரத்தில் புளி உலுக்க முடியாது. அந்த நஷ்டத்துக்காக மரத்துச் சொந்தக்காரருக்குக் கர்நாடக வனத்துறை ஒரு தொகை கொடுக்கிறது. தொகை சிறிது, நேரத்துக்கு வருவதும் இல்லை என்ற குறை உண்டு. ஆனாலும் மரம் உன்னுடையது, பறவையால் உனக்கு ஒரு செலவு இருக்கிறது, அதில் எனக்குப் பங்கு உண்டு என்று அரசு ஒப்புக்கொள்கிறது. லியோனல் பிளேஸுக்குப் பிறகு நான் தேடிய வாக்கியம் அதுதான்.

தாராவியில் வாழும் தமிழர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளம் அவர்களில் பலருக்குத் தெரிந்த ஊர். அங்கேயும் நாரைகள் வீட்டு மரங்களில் அடைகின்றன. 1994-இல் சரணாலயமாகி, 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. அந்த ஊர்க்காரர் பால்பாண்டி கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளைத் தன் வீட்டில் வைத்து மீன் ஊட்டி வளர்த்ததை எல்லாத் தமிழ்ப் பத்திரிகைகளும் எழுதியிருக்கின்றன. தாராவியின் லேபர் கேம்ப்பில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, தன் கொல்லை வேம்பில் நாரை அடைந்தால் மகளுக்குப் பிரசவம் பார்க்கிற மாதிரி பார்ப்போம் என்றார்.

2002-இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியபோது, பட்டா நிலத்துக்காரரும் ஊர்ச் சமூகமும் தாமாக முன்வந்து நிலத்தைச் சமுதாயக் காப்பகம் ஆக்கலாம் என்று 36-சி பிரிவைச் சேர்த்தார்கள். நிலம் கைவிட்டுப் போகாது. கொக்கரெ பெள்ளூர் 2007-இல் அப்படி ஆனது. அதே ஆண்டு கேரளத்தின் கடலுண்டி வள்ளிக்குன்னும். சட்டத்தைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. பிறகு இரண்டாம் முறை படித்தேன். அறிவித்த பிறகு நிலத்தின் பயன்பாட்டை மாற்ற வேண்டுமானால் மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். கொடுப்பவருக்குத் திரும்ப என்ன கிடைக்கும் என்று அந்தப் பிரிவில் எதுவும் எழுதியில்லை. டைட்டில் ரிப்போர்ட் எழுதும் எந்த வக்கீலும் தன் கட்சிக்காரரைப் பார்த்து ‘இதில் கையெழுத்துப் போடுங்கள்’ என்று சொல்ல மாட்டார். நாடு முழுக்க நிலக்காரர்கள் இதைத் தேடி வராததற்கு அதுவே போதுமான காரணம்.

மஹாராஷ்டிராவில் சரியான பக்கம் எடுத்து வைத்த அடி 2017-இல் வந்தது. காண்டல் பிரிவோடு சேர்ந்து இயங்க 2015-இல் அரசு ஒரு காண்டல் அறக்கட்டளையை அமைத்திருந்தது. அதன் வழியாகக் கடலோர ஊர்களுக்குப் பிழைப்புத் திட்டம்: காண்டலடியில் வலைத் தடுப்புக்குள் சேற்று நண்டு வளர்ப்பது, கழியில் கூண்டு போட்டுக் கொடுவா மீன் வளர்ப்பது, ஆளி, வண்ண மீன், சுற்றுலாப் படகு. குழுவாகச் சேர்ந்தால் செலவில் 90 சதவீதம் அரசு, 10 சதவீதம் அவர்கள். வெங்குர்லாவில் பெண்கள் துடுப்புப் போட்டுக் காண்டலுக்குள் விருந்தினரை அழைத்துப் போய்ப் பெயர் சொல்லி மரம் காட்டுகிறார்கள். அடுத்த ஆண்டே மீனவர்களுக்கு இன்னொன்று: வலையில் ஆமையோ திமிங்கலச் சுறாவோ சிக்கினால், வலையை அறுத்து அதை விட்டுவிடுங்கள், அறுந்த வலைக்கு 25,000 ரூபாய் வரை தருகிறோம். வலை மீனவருடைய சொத்து. அந்தச் சொத்துக்கு விலை கொடுத்து ஒரு உயிரை வாங்கிக் கடலில் விடுகிறது அரசு. எனக்கு இந்த ஆணை மிகவும் பிடித்திருக்கிறது.

நண்டு வளர்ப்பு எல்லா இடத்திலும் வெற்றி ஆகவில்லை. வெள்ளம் வந்தால் தடுப்பு போய்விடும், குஞ்சு நண்டு வாங்குவதே பெரும்பாடு. என்றாலும் அலிபாக் காகாவின் கேள்விக்குப் பதில் தொடங்கும் இடம் அதுதான். உடைந்த கரைக்குள் காடாகிப்போன தனியார் வயல் எது எது என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்து, சாத்பாராவில் காடு என்று ஏற்றும் அதே நாளில், உடைமைக்காரருக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று அதற்கு அடுத்த வரியில் ஏற்ற வேண்டும். ‘இதர் ஹக்’ பத்தியில் அதற்கு இடம் இருக்கிறது. காண்டல் வெள்ளத்தைத் தடுப்பதால் பிழைப்பது மும்பை, அந்தத் தொகையின் ஒரு பங்கை மும்பை கட்டலாம். மாட்டுங்காவின் தரைத்தள வீடுகளில் வாழ்பவர்கள் முதலில் கட்ட வேண்டும் என்று என் கட்டடக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கணக்கு இப்போது எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. வடாலாவிலிருந்து காஞ்சூர்மார்க், பாண்டூப், முலுண்ட் வரை நீளும் உப்பளங்கள் மத்திய அரசின் நிலம், தனியார் உப்புக் காய்ச்ச நெடுங்காலக் குத்தகையில் விட்டது. உப்பளப் பாத்திகளின் மெல்லிய நீரில் உள்ளானும் பவளக்காலியும் இரை தேடும். பாத்திகளுக்கு அப்பால் காண்டல், அதற்கும் அப்பால் தானே கழியின் சேற்றில் பூநாரை. அந்தக் கழியின் 1,690 ஹெக்டேரை 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். உப்பளங்கள் சரணாலய எல்லைக்கு வெளியே நின்றன. 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி, தாராவி மறுசீரமைப்புக்காக 255.9 ஏக்கர் உப்பள நிலத்தை வாங்க மாநில அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது: ஆர்தர் உப்பளத்தில் 120.5, ஜென்கின்ஸில் 76.9, ஜமாஸ்ப்பில் 58.5 ஏக்கர். தாராவியிலேயே வீடு பெறத் தகுதி இல்லை என்று ஒதுக்கப்படுபவர்களுக்கு அங்கே வாடகை வீடுகள் வருமாம்.

தாராவியில் அறுபது, எழுபது வருஷம் தோல் பதனிட்டும் முறுக்குச் சுற்றியும் வாழ்ந்த குடும்பங்களுக்கு நல்ல வீடு வேண்டும். அதில் யாரும் இரண்டு பேச்சுப் பேசக்கூடாது. அதை உப்பளத்தில்தான் தர முடியுமா என்பதற்கு அரசு இன்னும் எங்களுக்குப் பதில் சொல்லவில்லை. மிட்டி ஆற்றின் கரையில், தாராவிக்கு எதிரில், 1977 வரை நகரத்தின் குப்பை கொட்டிய 37 ஏக்கரை மரம் நட்டுக் காடாக்கி 1994-இல் மஹாராஷ்டிர இயற்கைப் பூங்காவாகத் திறந்த அரசுதான் இது. மண் போட்டு உயர்த்திய உப்பளத்தில் நீர் எங்கே போகும், குத்தகைக்காரருக்கு என்ன, அங்கே உப்பு வாரிய கூலிக்காரருக்கு என்ன, மீதமிருக்கும் பாத்திகளை அப்படியே வைத்திருப்பவருக்கு என்ன என்று நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்திருக்கிறோம், லேபர் கேம்ப் பெண்களும் மாட்டுங்காப் பெண்களும் சேர்ந்து. மராத்தியிலும் ஆங்கிலத்திலும் நான்தான் தட்டச்சு செய்தேன்.